பதினொரு விடைத்தாள்களில் ஒரே வாக்கியம்

ஜனவரி 9. சேர்ந்தவர்கள் 14.
ஜனவரி 16. முதல் பத்தி. சராசரி, இருபதுக்கு 6.
மார்ச் 13. சராசரி 10.
மே 15. சராசரி 14.
ஜூன் 5. தேர்வுக் கட்டணம் தலைக்கு 85. மொத்தம் 1,190.
ஜூன் 19. தேர்வு எழுதியவர்கள் 14.
ஜூலை 24. முடிவு வந்தது 3. நிறுத்தி வைக்கப்பட்டது 11.

இந்த எண்கள் எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பின் ஆசிரியையைச் சேர்ந்தவை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பாரா டீச்சர். பாராகிராப் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அந்த நிலையத்தில் வருகைப் பதிவேடும் கோப்புகளும் என் பொறுப்பு. கீழே வருவதில் அவர் வீட்டில் நடந்தது மட்டும் அவர் சொல்லிக் கேட்டது. மற்றவை நான் நேரில் பார்த்தவை.

அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. எங்களிடம் வந்து பதினொரு ஆண்டு. அதற்கு முன் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எந்தப் புகாருக்கும் பதில் ஒரே பத்தியில் முடியவேண்டும் என்பது அங்கே விதி. கதவு மூடவில்லை என்றாலும் ஏழு வரி, பெட்டி தீப்பிடித்தது என்றாலும் ஏழு வரி. அந்தப் பழக்கத்தோடுதான் எங்களிடம் வந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், பன்னிரண்டு வயது.

வகுப்பறை டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினாறு நாற்காலிகள். படிப்பவர்கள் பெரியவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு வருபவர்கள். ஆங்கிலத்தில் பேசுவார்கள், படிப்பார்கள், தனித்தனியாக வாக்கியமும் எழுதுவார்கள். ஆறு வாக்கியங்களை ஒன்றாக உட்காரவைக்கச் சொன்னால்தான் தடுமாறுவார்கள். ‘என் வேலை இடம்’ என்று தொடங்கிய லாரி டிரைவர் நாலாவது வரியில் மகளுக்கு வரன் பார்க்கப் போய்விட்டார்.

டீச்சர் கத்தரிக்கோலைக் கொடுப்பார். ஒவ்வொருவரும் தன் பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டிக் கலைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் தரவேண்டும். அவர் அதைத் திரும்ப அடுக்கவேண்டும். எங்கே வைத்தாலும் பொருந்தாத துண்டு மேஜைக்கடியில் இருக்கும் பழைய பெயின்ட் டப்பாவுக்குப் போகும்.

“என் பொண்ணையே டப்பாவுல போடச் சொல்றீங்களே டீச்சரம்மா!” என்றார் டிரைவர்.

“அவளுக்குத் தனியா ஒரு பாரா எழுதுங்கண்ணே. இங்க லாரி மட்டும் நிக்கட்டும்.”

டப்பா நிரம்பும் வேகம் மாதாமாதம் குறைந்தது. சராசரி ஏறியது அப்படித்தான்.

வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தார். வயது நாற்பத்தாறு. டீச்சர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தற்காலிக வேலை. புதிய நிர்வாகம் வார்டு குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டது. எழுத்துத் தேர்வில் பாஸ் செய்த சான்றை ஆகஸ்ட் 29 மாலை நாலு மணிக்குள் கொடுத்தால் வேலை நிரந்தரம். தவறினால் மறுநாளிலிருந்து வரவேண்டாம்.

அக்காவுக்கு நடு வரிகள் நன்றாக வரும். முதல் வரிதான் வராது. இருபது நிமிடம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மே 22 அன்று, “முதல் வரி மட்டும் குடுத்துருங்க டீச்சர். மிச்சத்த எப்படியாச்சும் ஓட்டிருவேன்” என்றார்.

அதுவரை யாருக்கும் டீச்சர் வரி கொடுத்ததில்லை. அன்று கொடுத்தார். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி பலகையில் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் அது இப்படி வரும்: ‘தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம், கிட்டே போனவர்களுக்குத்தான் இதன் எடை தெரியும்.’

“அவசரத்துக்கு மட்டும். கை ஓடலன்னா மட்டும்தான்” என்றார்.

தேர்வுக் கூடத்தில் பதினொரு பேருக்குக் கை ஓடவில்லை. தலைப்பு பேருந்துப் போக்குவரத்து. பதினொரு விடைத்தாள்களும் அந்த ஒரே வாக்கியத்தில், ஒரு எழுத்துகூட மாறாமல் தொடங்கின.

தேர்வு வாரியத்தின் கடிதம் ஜூலை 24 அன்று வந்தது. காப்பியடித்ததாகச் சந்தேகம். இருபத்தொரு நாளில் விளக்கம் வரவேண்டும். வராவிட்டால் பதினொரு பேரின் தேர்வும் ரத்து, இரண்டு ஆண்டுகளுக்குத் திரும்ப எழுத முடியாது.

நிலையத்தின் நிர்வாகி கதவைச் சாத்திவிட்டு டீச்சரிடம் பேசினார். மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேஜை.

“அவங்களே பாத்து எழுதிட்டாங்கன்னு ரெண்டு வரி போட்டுருவோம் மேடம். சென்டர் பேரு தப்பிச்சிரும்.”

“அவங்க யாரும் பாத்து எழுதல சார். நான் குடுத்தத எழுதினாங்க.”

“அத எழுத்துல குடுத்தீங்கன்னா உங்க அங்கீகாரத்த எடுத்துருவாங்க. அப்புறம் உங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?”

“தெரியும் சார்.”

தெரிந்திருந்தும் விளக்கக் கடிதம் எழுத வரவில்லை. பத்து நாள் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். நாலு பக்கம் ஆனது. அதில் பதினொரு ஆண்டுச் சேவை இருந்தது, நிர்வாகி சொன்னது இருந்தது, மகளின் பள்ளிச் செலவும் இருந்தது. கணவர் வாங்கிப் படித்துவிட்டு, “என்னம்மா இது, விளக்கமா, சுயசரிதையா? கடைசிப் பக்கத்துல நான்கூட வர்றேன்!” என்றார். பிறகு சிரிக்காமல், “வேலை போச்சுன்னா போகட்டும். ஆனா அனுப்பிடு. நீ தூங்கி எத்தன நாளாச்சு?” என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன். கெடு முடிய ஏழு நாள். அன்று வகுப்புக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. டீச்சர் நாலு பக்கத்தையும் மேஜைமேல் வைத்தார்.

“நீங்க எல்லாரும் படிச்சிருங்க. உங்களப் பத்தினதுதானே” என்றார்.

அக்கா படித்தார். டிரைவர் படித்தார். தாள்கள் எல்லார் கையிலும் சுற்றி வந்தன. பிறகு டிரைவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“வெட்டட்டுமா டீச்சரம்மா?”

டீச்சர் தலையசைத்தார்.

அறுபத்திரண்டு துண்டுகள் வந்தன, நான் எண்ணினேன். மேஜையைச் சுற்றி நின்று அடுக்கினார்கள். சேவை டப்பாவுக்குப் போனது. நிர்வாகி போனார். பள்ளிச் செலவை எடுக்கும்போது டிரைவர், “பொண்ணு மேட்டருக்குத் தனி பாரா, நீங்க சொன்னதுதான்” என்றார். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அக்கா மட்டும் ஒரு புதுத் துண்டை எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி வேண்டும் என்று கேட்டது நான்தான், குற்றம் என்னுடையது என்று அதில் இருந்தது.

“இத முதல்ல வைங்க டீச்சர்.”

“வேண்டாங்க்கா.”

“உண்மைதானே?”

“உண்மைதான். நீங்க கேட்டீங்க. குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணது நானு. அவங்க கேக்கறது அத மட்டும்தான்.” டீச்சரே அந்தத் துண்டை டப்பாவில் போட்டார்.

“இந்த லெட்டர் போயும் எனக்கு வேலை கெடைக்கலன்னா பரவால்ல. உங்க வேலையும் போயிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்தப் படியேறுவேன்?”

“படியேறாதீங்க. பாஸ் பண்ணிட்டு வீட்டுக்கு வாங்க.”

கடைசியில் ஏழு துண்டுகள் மிஞ்சின. ‘பதினொரு பேர் எழுதிய அந்த முதல் வாக்கியம் என்னுடையது’ என்று கடிதம் தொடங்கியது. அவர்கள் மே மாத இறுதியிலிருந்து வகுப்பில் எழுதிய பத்திகளில் அதே வாக்கியம் இருந்தது, அதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விஷயம். தேதி முத்திரையோடு கோப்பில் இருந்த முப்பத்தெட்டுத் தாள்களின் நகலை இணைத்தேன். மறுநாள் காலை 10.20க்குப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். நிர்வாகி கையெழுத்துப் போடவில்லை. டீச்சர் மட்டும் போட்டார்.

முதல் பதில் ஆகஸ்ட் 22 அன்று டீச்சர் பெயருக்கு வந்தது. ஓராண்டுக்கு அவர் யாரையும் தேர்வுக்குத் தயார் செய்யக்கூடாது. மாணவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிர்வாகி மாதக் கடைசியோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு டீச்சர் தினமும் வந்து தபால்காரருக்காகக் காத்திருந்தார்.

திங்கள், செவ்வாய், புதன் எதுவும் இல்லை. வியாழக்கிழமை வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினார். “அனுப்பியாச்சு, வரும்” என்று வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் டயர் கடைக்கு மட்டும் இரண்டு உறைகள். அக்கா ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்து, சீருடையோடு மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் பேருந்தில் போக ஐம்பது நிமிடம். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதிவுத் தபால் தனி ஆளிடம் வந்தது. டீச்சர் பிரித்து, நின்றபடியே படித்தார். முதல் வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. மீதி வரிகளை மறுபடி திருத்தியிருந்தார்கள். பதினொரு பேரில் ஒன்பது பேர் பாஸ், அவர்களின் சான்றுகளும் உறைக்குள் இருந்தன. பாஸ் மதிப்பெண் 12. அக்காவுக்கு 12. லாரி டிரைவருக்கு 11. அன்று மாலை அதைக் கேட்டுவிட்டு அவர், “லாரிய ஒரு மார்க்குல நிறுத்திட்டாங்களே” என்றார்.

டீச்சர் அக்காவை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். மருத்துவமனை அலுவலகத்தில் சான்றைக் கொடுத்து ரசீது வாங்கியபோது மணி மூன்று ஐம்பத்தாறு. டீச்சர் திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை. அவர் நாற்காலி ஒரு மாதம் காலியாக இருந்தது.

உறை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன்மேல் வரவு முத்திரை: ஆகஸ்ட் 29, வெள்ளி, பிற்பகல் 2.40.