கோழிக்கூட்டிலிருந்து வந்த ஹொண்டா

அம்பிட்டிய மலைச்சரிவில் குழந்தை பிறந்த வீடுகளில் யசோதாவைத் தெரியாத வீடு இல்லை. அவள் குடும்ப நல உத்தியோகத்தர்; ஊர்வாய்க்கு மிட்வைப் மிஸ். கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் பிறந்த பிள்ளையை நிறுத்துப் பார்ப்பதும் அவள் வேலை. நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன வருடம் அத்தனை ஏற்றத்தையும் நடந்தே ஏறினாள். பெற்றோல் திரும்பி வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயன்களுக்கு மட்டும் பஸ் வரவேயில்லை. புது மோட்டார் சைக்கிள் வாங்குவது அவள் கைக்கு எட்டாத காரியம்.

ஒரு சனிக்கிழமை கெலிஓயாவிலிருந்து சின்ன லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறக்கியதைப் பார்த்து அவள் கணவன் சுதேஷ் மூக்கைப் பொத்தினான். யசோதா சொற்ப விலைக்கு வாங்கிய, கோழி எச்சம் படிந்த பழைய ஹொண்டா. சீட்டில் பஞ்சு இல்லை, டாங்கி முழுக்கத் துரு.

அதை விற்றுக் கொண்டுவந்த ஸிபானுக்கே வெட்கமாக இருந்தது. "வாப்பாட பைக்கு, தங்கச்சி. பன்னெண்டு வருஷம் கோழிக்கூட்டுல கெடந்திச்சி. பதிவுப் புத்தகம் சரியா இருக்கு. ஆனா இது ஓடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம் நானா," என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் யசோதா.

சுதேஷ் அழைத்து வந்த கராஜ்காரர் கிக்கரை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். அது அசையவில்லை. "பிஸ்டன் இறுகிப் போச்சு. பழைய இரும்புக்குப் போடுங்க," என்று தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

யசோதா போடவில்லை. தாய்லாந்துக்காரர் ஒருவர் அதே எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வீடியோவைத் தொலைபேசியில் கண்டுபிடித்தாள். அவர் பாஷை புரியாது, கை புரிந்தது. பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் எண்ணெய் விட்டாள். தினமும் வேலைக்குப் போகுமுன் பைக்கைக் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பாள்.

"ஓங்கித் தள்ளினா என்ன?" என்று சுதேஷ் கேட்டான்.

"உடைஞ்சிரும். அதுவா விடணுங்க."

பதினோராம் நாள் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை அவன் கல்யாண நாளில்கூடக் கண்டதில்லை.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. இட்லித் தட்டின் குழிகளில் நட்டும் வொஷரும் வரிசையாக இருந்தன. எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு குழிக்கும் அவள் துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தாள். துருப் போக டாங்கிக்குள் வினாகிரியும் ஒரு பிடி சரளைக் கல்லும் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து குலுக்கினாள். இட்லி இல்லாத ஏழு மாதம் அது.

கடைசியில் எல்லாம் பூட்டி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிக்கரை மிதித்தாள். வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள்.

"போதும் யசோ. வித்துருவோம்," என்றான் சுதேஷ்.

"நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். என்னால இப்ப குனிய முடியல. நீங்க எஞ்சின் மேல் மூடியைக் கழட்டுங்க."

இருபது வருடமாகப் புடவைக்கடையில் துணி அளந்து வெட்டும் கை அது. ஸ்பெனரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அதற்குத் தெரியாது. அவள் கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தரையில் மண்டியிட்டுச் செய்தான்.

"கீழ இருக்கிற கோட்டை நேரா நிறுத்துங்க. இப்ப மேல பல்சக்கரத்துல ஒரு கோடு இருக்கும். அது நேரா நிக்குதா?"

அவன் டோர்ச் அடித்துப் பார்த்தான். "இல்ல. ஒரு பல்லு தள்ளி நிக்குது."

"அதான்," என்றாள் அவள். கணுக்கால் வலியெல்லாம் எங்கோ போய்விட்டது. "பூட்டும்போது செயினை ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன். எஞ்சின்ல குத்தமில்ல. என்னோட குத்தம்தான்."

அந்த ஒரு பல்லைச் சரிசெய்ய அவனுக்கு மாலை வரை ஆயிற்று. அடுத்த வாரம், கால் வீக்கம் வற்றியதும், மூன்றாவது மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகையில் முற்றமே மறைந்தது. பக்கத்து வீட்டார் நெருப்பு என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார்கள்.

யசோதா அந்தப் பைக்கில் வேலைக்குப் போகத் தொடங்கி நாலு மாதம் இருக்கும். சுமன் என்ற தோட்டத் தொழிலாளி சுதேஷின் புடவைக்கடைக்கு வந்து பிள்ளைத் துணி கேட்டார். துணியை மடிக்கும்போது தானாகவே பேச்சைத் தொடங்கினார்.

"பிள்ளை பெறந்து அஞ்சாம் நாளுங்க. என் பொம்பளைக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னு கசாயம் வச்சுக் குடுத்துட்டு இருந்தோம். அந்த மழையில பைக்குல ஏறி வந்துட்டாங்க மிட்வைப் மிஸ். தொட்டுப் பார்த்துட்டு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு வண்டிக்குச் சொல்லி அனுப்பி வச்சாங்க. ஒரு நாள் தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டொக்டர் சொன்னாரு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்குதுங்க. நேத்துத்தான் வீட்டுக்கு வந்துச்சு."

அந்த மிஸ் தன் மனைவிதான் என்பது சுதேஷுக்குப் புரிந்தது; பார்சலைக் கட்டி இரண்டு கையாலும் நீட்டினான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டான்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அஞ்சாம் நாள் போக வேண்டிய வீடு. போனேன்," என்றாள் யசோதா, சோற்றைப் போட்டபடி. "முந்தியெல்லாம் எட்டாம் நாள்தான் போய்ச் சேருவேன்."

அதற்கடுத்த மாதம் அவளோடு வேலை செய்யும் சஞ்சீவனி தன் வீட்டில் நின்றுபோன பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்துக் கதிரைகளை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணியது சுதேஷ்தான்.