சல்ஃபா மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

மருந்துக் கடை கவுண்டரில் நின்றவர்களுக்குத் தெரியும், நாம் விற்பது பாதி மாத்திரை, மீதி பேச்சு. எழுபதுகளில் நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் நின்ற கடையில் பேச்செல்லாம் சல்ஃபா மாத்திரை பற்றித்தான். நீர்க்கடுப்பு என்று போனால் டாக்டர்கள் அதைத்தான் எழுதுவார்கள்.

கிருமி ஏமாறும் விதம்

எங்கள் முதலாளி மருந்துப் படிப்பு படித்தவர். "சல்ஃபா கிருமியை நேராக் கொல்லாது. கிருமி வளர ஒரு சத்து வேணும். சல்ஃபா பார்க்க அதே ஜாடை. நம்பி எடுத்துக்கிட்டு வளர முடியாம நின்னுடும்" என்பார். மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்த திருநெல்வேலிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க மெஸ்ஸுலயும் அதே கததான் அண்ணாச்சி. சாம்பார்னு நம்பித்தான ஊத்திக்கிடுதோம்."

பாகு சுண்டினால்

அந்தக் காலத்து சல்ஃபா லேசில் கரையாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரிலேயே பொடிக் கல்லாகப் பூத்து உள்ளே அறுக்கும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவருக்கு இதை விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டினார்: "பாகு சுண்டினா சக்கரை பூக்கும்னு எனக்கே சொல்றீங்களா? என் வயித்துல மில்லு வெச்சிடாதீங்க, குடிச்சிக்கினே இருக்கேன்."

அஞ்சலை கேட்டது

அஞ்சலை முத்தாண்டிக்குப்பத்துக்காரம்மா. குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் சித்தாள். மாத்திரை வாங்கிப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். முதலாளி பதறி டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரையை நிறுத்திய டாக்டர், இனியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னியே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். வேலை இடத்தில் ஒதுங்க மறைவே இல்லை என்பதால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாராம். ஏம்மா இப்படி என்றேன். "குடின்னு எல்லாரும் சொல்றீங்க. குடிச்சிட்டு எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லலையேங்க."

காண்ட்ராக்டருக்கும் வந்தது

கொஞ்ச நாளில் அஞ்சலை வேலை செய்த சைட்டின் காண்ட்ராக்டரே நெளிந்துகொண்டு வந்தார். அதே கடுப்பு, அதே மாத்திரை. பொட்டலம் கட்டிக்கொண்டே முதலாளி, "தண்ணி குறைஞ்சா ரத்தமாப் போகும். உங்க சைட்டுல ஒரு அம்மாவுக்குப் போச்சு, ஒதுங்க மறைவு இல்லாம" என்றார். காண்ட்ராக்டர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் மாத்திரை தீருமுன்னே சைட்டில் நாலு கழி நட்டுக் கோணி கட்டியாகிவிட்டது.

அஞ்சலை தைலம் வாங்க வந்தபோது முகம் தெளிந்திருந்தது. போகிற போக்கில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவருக்குச் சீக்கிரம் கொணமாவற மாத்திரையாக் குடுத்துடாதீங்க, கோணியப் பிரிச்சிடுவாரு."

எனக்குத் தெரிந்த ரசாயனம் இவ்வளவுதான்: மாத்திரை கரையத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்க நாலு கோணி வேண்டும்.