கடலில் விழுந்த புள்ளி

சவரிராயனுக்கு எதை ஒரு தடவை கேட்டாலும் மனப்பாடமாகிவிடும். அதுதான் அவனுக்கு வந்த வினை. அவனுடைய அப்பா பால்ராஜ், பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முன்னால் முழந்தாளிட்டு மாதா பிரார்த்தனையை ராகமாக எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். தொட்டிலில் கிடந்தபோதே அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பேசுவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிட்டான் என்று அவனுடைய அக்காள் அக்னஸ் சொல்லுவாள். டிராம் வண்டியில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தைக்கூட அவன் அந்த ராகத்தில்தான் வாசிப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நானும் அவனும் ஜார்ஜ் டவுனில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஜியாமெட்ரியைக் கண்டாலே ஆகாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கோணம் தன்பாட்டுக்குக் கிடக்கும்போது அதைப் போய் நிரூபி என்று ஏன் மனிதனின் உயிரை வாங்குகிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் உயிரை வாங்கியவர் ரேமண்ட் மாஸ்டர். ஒல்லியான மனிதர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய பக்தி. திங்கட்கிழமை காலையில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவார். வெள்ளிக்கிழமை யாரையாவது எழுப்பி விளக்கச் சொல்வார். அதுவரை எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான். இவர் ஒரு படி மேலே போனார். வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்பின் கடைசிக்குப் போய், பின்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். பலகைக்கு முதுகு. "நான் படத்தைப் பார்க்க மாட்டேன். நீ சொல்வதைக் கேட்டே எனக்குப் புரிய வேண்டும்" என்பார். 'இந்தக் கோடு', 'அந்தக் கோணம்' என்று சொல்லக்கூடாது. நடுவில் எங்காவது "ஏன்?" என்று அவருடைய முதுகு கேட்கும். பதில் இல்லையென்றால் உட்கார வேண்டியதுதான். ஒரு முதுகுக்குப் பயந்து அத்தனை பையன்கள் நடுங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவர் இன்னொரு குண்டையும் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஒன்றையாவது முழுசாக விளக்காதவனின் பெயரை ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு அனுப்ப மாட்டாராம். சவரிராயன் வெலவெலத்துப் போனான். பரீட்சை எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதை உபதேசியார் முன்பே முடிவு செய்திருந்தார். புக்கிட் தெங்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவனுடைய தாய்மாமன் கணக்கெழுதும் கிராணி. பையன் அங்கே போய்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்க வேண்டும். சவரிக்கு ரப்பர்ப் பாலின் நாற்றம் பட்டாலே குமட்டும். ஒரு தடவை மாமாவைப் பார்க்கப் போய், அவருடைய செருப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டு வந்தவன் அவன்.

அவனுடைய முறை வந்தது. இரண்டு பக்கம் சமமாக உள்ள முக்கோணத்தில் இரண்டு கோணமும் சமம் என்று விளக்க வேண்டும். சவரி புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டு வந்திருந்தான். பலகைக்கு முன்னால் போய் நின்றான். பின்சுவரைப் பார்த்து மாஸ்டர் உட்கார்ந்தார். சவரி வாயைத் திறந்தான். வந்தது ராகம்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். நான் தமிழில் சொல்கிறேன். "பக்கம் ஏபி பக்கம் ஏசிக்குச் சமமே..." என்று இழுத்தான். கடைசி எழுத்தை அப்பாவைப் போலவே கீழே இறக்கி நிறுத்தினான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். தமிழன், சீனன், யுரேஷியன் என்று யாராக இருந்தாலும் கோயிலில் எல்லோருக்கும் ஒரே லத்தீன். ஒருவர் அப்படி இழுத்து நிறுத்தினால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய ரத்தத்தில் ஊறியிருந்தது. முன் பெஞ்சிலிருந்து இரண்டு குரல்கள், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற லத்தீன் பதிலோடு, தாமாகவே எழுந்தன: "ஓரா ப்ரோ நோபிஸ்."

சவரிக்கு அது காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். "கோடு ஏடி இரண்டுக்கும் பொதுவே..." "ஓரா ப்ரோ நோபிஸ்!" இந்தத் தடவை பத்துக் குரல்கள். மூன்றாவது வரிக்குப் பக்கத்து வரிசையில் இருந்த பஷீரும் சேர்ந்துகொண்டான். சூலியா தெரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை; அவனுக்கு அந்த லத்தீன் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நான்காவது வரிக்கு, எல்லாக் குரலுக்கும் அடியில், பின்சுவரிலிருந்து ஒரு கனத்த குரல் பக்தியோடு சொல்லிற்று: "ஓரா ப்ரோ நோபிஸ்."

மாஸ்டரேதான்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் அடுத்த வகுப்பு வாத்தியார் ஓடி வந்துவிட்டார். ரேமண்ட் மாஸ்டர் எழுந்து திரும்பினார். மீசை துடித்தது. தானும் சேர்ந்து சொல்லிவிட்டோம் என்ற வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மாதாவையும் கணக்கையும் ஒன்றாக அவமானப்படுத்தியவன் என்று சவரியைத் திட்டித் தீர்த்தார். "கடைசி வெள்ளிக்கிழமை உனக்கு இன்னொரு முறை தருவேன். அன்றைக்கு உன் வாயிலிருந்து பாட்டு வந்தால் உன் பெயர் பரீட்சைக்குப் போகாது" என்றார். சவரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அவன்மேல் பரிதாபமாகவும் இருந்தது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

கடைசி வாரத் திங்கட்கிழமை மாஸ்டர் பலகையில் மூன்று புள்ளிகள் வைத்தார். மூன்றுக்கும் சமமான தூரத்தில் உள்ள இடத்தைக் கண்டுபிடி. அது ஏன் சமம் என்று சொல். அவ்வளவுதான். மூன்று புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் விழுந்திருந்தன. சேர்த்து வரைந்தால் மிதிபட்ட தகரக் குவளையைப் போல ஒரு சப்பை முக்கோணம்தான் கிடைத்தது.

அன்று சாயங்காலம் நான் சவரியோடு அவன் வீட்டுக்குப் போனேன். அக்னஸ் அடுப்படியில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. சவரி அந்த முதுகைப் பார்த்தான். எனக்கும் அந்த எண்ணம் அதே நேரத்தில்தான் வந்தது.

"அக்கா, திரும்பாத. நான் ஒரு கணக்குச் சொல்றேன், கேளு."

"எனக்கு வேற வேலை இல்லையா? சரி, சொல்லித் தொலை."

"பி, கியூ, ஆர்னு மூணு புள்ளி..." குரல் அப்போதே மெல்ல ஏற ஆரம்பித்தது.

"நிறுத்து! பாட்டெல்லாம் அப்பாகிட்ட வச்சுக்க. பி யாருடா? கியூ யாரு? ஊர் பேர் தெரியாதவங்களப் பத்தி என்கிட்ட ஏன் சொல்ற?"

சவரி திகைத்தான். அவனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. நான்தான் ஊரிலுள்ள இடங்களின் பெயரை வைக்கச் சொன்னேன். "சரிக்கா. ஒண்ணு கோட்டை. இன்னொண்ணு பிராங்கின் பசார். நடுவுல ஹனீபாவோட நாசி கண்டார் சோத்துக் கடை. இந்த மூணு இடத்துக்கும் ஒரே தூரத்துல ஒரு வீடு கட்டணும்."

"எந்த மடையன் கட்டுவான் அந்த மாதிரி?"

"புத்தகத்துல இருக்குக்கா."

"அப்ப சரி."

புதிய பெயர்களுக்கு அவனிடம் மனப்பாடம் இல்லை. மனப்பாடம் இல்லாத இடத்தில் ராகமும் வரவில்லை. தட்டுத் தடுமாறி, வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னான். கோட்டைக்கும் ஹனீபா கடைக்கும் சரியாக நடுவில் குறுக்கே ஒரு நேர்ப்பாதை போட்டால், அதில் எங்கே நின்றாலும் இரண்டும் ஒரே தூரம் என்றான். "ஏன்?" என்றாள் அக்னஸ். மாஸ்டர் கேட்பதைவிட அவள் கேட்டது பயங்கரமாக இருந்தது. சவரி அவளுடைய சீலையைப் பார்த்தான். "உன் சீலையை நடுவுல மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காருதுல்ல? அதே மாதிரி அந்தப் பாதைல மடிச்சா கோட்டை போய் ஹனீபா கடை மேல உக்காரும்." அம்மி நின்றது. "அட, ஆமா" என்றாள்.

பிறகுதான் தொல்லை. தரையில் கரித்துண்டால் வரைந்து பார்த்தபோது, இரண்டு பாதைகளும் சந்தித்த இடம் முக்கோணத்துக்கு வெளியே, வெகுதூரத்தில், கடல் இருக்கும் பக்கம் போய் விழுந்தது. புத்தகத்துப் படத்தில் அது உள்ளேதான் இருந்தது. சவரியின் முகம் செத்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேன். இது கடல்ல விழுது. கடல்ல எவன் வீடு கட்டுவான்? நான் புக்கிட் தெங்காவுக்கே போறேன்" என்று கரித்துண்டை வீசி எறிந்தான்.

அக்னஸ் அப்போதுதான் திரும்பினாள், கை நிறைய மிளகாய் விழுதோடு. "ஏன், வெல்ட் கீ கடலோரம் சீனன் கட்டலையா? மரக்காலு நட்டு, தண்ணிமேல தெருவே போட்டிருக்கான். உன் கணக்கு கடல்ல விழுந்தா கடல்லதான்னு சொல்லு. புத்தகம் எழுதின வெள்ளக்காரன் பினாங்கப் பாத்தானா?"

வெள்ளிக்கிழமை வந்தது. மாஸ்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதலில் வகுப்பின் முதல் மாணவன் திருநாவுக்கரசை எழுப்பினார். சப்பை முக்கோணம் அசிங்கமாக இருக்கிறதென்று அவன் புத்தகத்தில் இருந்த அழகான முக்கோணத்தையே வரைந்து படித்து வந்திருந்தான். மழை பெய்வது போல விளக்கினான். கடைசியில் முதுகு கேட்டது: "நான் போட்ட மூன்று புள்ளிக்கு அந்த இடம் எங்கே விழும்?" "முக்கோணத்துக்குள்ளே, சார்." "ஏன்?" திருநாவுக்கரசு பலகையைத் திரும்பிப் பார்த்தான். தானாகவே போய் உட்கார்ந்தான். நல்லவேளை, அவன் முன்பே மூன்று கணக்குகளை விளக்கி முடித்தவன்.

"சவரிராயன்."

அவன் எழுந்தபோது பெஞ்சு ஆடியது. பலகையருகே போய் நின்று சொன்னான்: "சார், கோட்டைக்கும் ஹனீபா கடைக்கும் நடுவில்..."

வகுப்பு சிரிப்பை அடக்கியது. "எந்தக் கோட்டை?" என்றது முதுகு.

"நம் கடற்கரைக் கோட்டைதான், சார்."

"மேலே சொல்."

சொன்னான். தடுமாறினான், திரும்பச் சொன்னான், ஆனால் பாடவில்லை. மடித்தால் கோட்டை ஹனீபா கடைமேல் உட்காரும் என்றதும் பஷீர் வாயைப் பொத்திக்கொண்டான்; ஹனீபா அவனுக்குப் பெரியப்பா. "மடிப்பதெல்லாம் சரி. புத்தகக் காரணம் என்ன?" என்று முதுகு கேட்டது. இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் உள்ள செங்கோணமும் சமம், ஆகவே இரண்டு முக்கோணமும் ஒன்று என்றான் சவரி. ஹனீபா கடைக்கும் பிராங்கின் பசாருக்கும் நடுவில் இன்னொரு பாதை போட்டான். இரண்டு பாதையும் சந்திக்கும் இடத்தில் நிற்பவனுக்குக் கோட்டையும் கடையும் ஒரே தூரம், கடையும் பசாரும் ஒரே தூரம். ஆகவே மூன்றும் ஒரே தூரம்.

"அந்த இடம் எங்கே விழும்?"

"கடலில், சார்."

எல்லோரும் சிரித்தார்கள். முதுகு மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்?"

"ஹனீபா கடை மற்ற இரண்டு இடத்துக்கும் நடுவில் கொஞ்சமே உள்ளே தள்ளியிருக்கிறது, சார். அங்கே உள்ள கோணம் செங்கோணத்தைவிட விரிந்தது. அதனால் இடம் அதற்கு எதிர்ப்பக்கம், முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது. புத்தகத்தில் உள்ளே இருக்கிறது. ஆனால் சார் போட்ட புள்ளிக்குக் கடல்தான்."

முடிக்க ஒரு வரிதான் பாக்கி. கிணற்றை ஏறக்குறையத் தாண்டிவிட்ட தைரியமோ, தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோ, அந்த ஒரு வரியில் அவன் அப்பாவின் பிள்ளையாகிவிட்டான். "ஆகையால் மூன்றுக்கும் அதுவே சமதூரமே..." என்று குரல் ஏறி, இழுத்து, கீழே இறங்கி நின்றது. தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்ததைக் கேட்டு அவன் முகம் வெளுத்தது.

கோயில் பிள்ளைகள் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சுச் சீனப் பையன் இரண்டு கையாலும் வாயை மூடியிருந்தான். நான் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். புக்கிட் தெங்கா ரப்பர்ப் பாலின் நாற்றம் எனக்கே அடித்தது.

முதுகு மெல்ல அசைந்தது.

"ஆமென்" என்றார் ரேமண்ட் மாஸ்டர்.

பிறகு நாற்காலியைத் திருப்பி, அந்த வருஷத்தில் முதல் முறையாக ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கைப் பலகையில் பார்த்தார். "பெயர் போகும். உட்கார்" என்றார். அவருடைய மீசைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலுக்குப் போகும்போதே சவரி கத்தினான்: "அக்கா, கடல்ல வீடு கட்டிட்டேன்!" அக்னஸ் அம்மியை விட்டு எழுந்து வந்தாள். அழுதாள். மிளகாய்மேல் பழியைப் போடவில்லை. "சந்தோஷத்துலதான்டா அழுறேன், நீ மாமா செருப்பக் காப்பாத்திட்ட" என்று சொல்லி, அதே மிளகாய்க் கையால் அவன் கன்னத்தைத் தடவினாள். சவரியும் அழுதான். அவன் எதற்கு அழுதான் என்பதற்கு எந்த நிரூபணமும் தேவைப்படவில்லை.