எட்கரின் கம்பி மாட்டிய பல்

டிசம்பர் பிறந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் எட்கர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. அடுப்படிக்கு வருவார், ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்குவார், வாசல் வரை போய்த் திரும்புவார். தென்கிழக்குக் காற்று வேறு மணலை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொத்தைப் பல்லை இன்னும் யாருக்காகக் காவல் காக்கிறீங்க? ஈறு வீங்கி சீழ் வச்சிருக்கு. போய்ப் புடுங்கிட்டு வாங்க!"

"புடுங்கிட்டா கம்பியை எதுல மாட்டுறது? ஒங்கப்பன் மூக்குலயா?"

கம்பி விவகாரம் இதுதான். கேப் டவுனில் எங்கள் பக்கத்துப் பையன்கள் மீசை அரும்பியதும் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும், ஒரு நோவும் இல்லாத நல்ல பற்களை, பிடுங்கிக்கொள்வார்கள். அதுதான் ஸ்டைல். பெண்களும் சளைத்தவர்கள் இல்லை, என் வாயைப் பார்த்தாலே தெரியும். எட்கரும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சிரித்திருக்கிறார். "நான் பெத்துக் குடுத்த பல்லுடா அது" என்று அவர் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். அதற்குப் பிறகு கட்டிய பல்செட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பிதான் இப்போது சொத்தையான இந்தப் பல்லில் மாட்டியிருந்தது. பல்செட்டை அவர் யார் முன்னாலும் கழற்றியதில்லை. தூங்கும்போதும் வாயில்தான். கட்டிக்கொண்ட நானே அந்த ஓட்டையைப் பார்த்ததில்லை.

பல்செட்டோடுதான் டிரம்பெட் ஊதவும் கற்றார். எங்கள் கிறிஸ்துமஸ் பேண்டு பண்டிகையன்று வீடு வீடாகப் போய் முற்றத்தில் நின்று வாசிக்கும். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. ஜூனில் தவறிப்போன தன் அம்மாவுக்குப் பிடித்த பாட்டைத் தன் வாசலில் தானே தனியாக ஊத வேண்டும். அந்த ஒரு ஆசைக்குத்தான் மனுஷன் இப்படித் தவித்தார்.

கடைசியில் கையைப் பிடித்து கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். டாக்டரம்மா பல்லைத் தட்டியதும் துள்ளினார்.

"வேர் சிகிச்சை பண்ணி அடைச்சுக் குடுங்களேன், டாக்டர்" என்று கெஞ்சினார்.

"பல்லே ஆடுது, எதை அடைக்கிறது? ராத்திரியும் பல்செட்டோடயா தூங்குறீங்க?"

"ஆமா" என்றேன் நான்.

"அதான், கம்பிக்கு அடியில அழுக்கு தங்கி அரிச்சிருக்கு. வேற பல்லுல கம்பி மாட்டித் தரலாம். ஆனா ஈறு ஆறணும், ஜனவரி ஆயிடும்."

மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தோளைப் பிடித்து அழுத்தினேன். "நீங்க மரப்பு ஊசியைப் போடுங்க டாக்டர், இவரை நான் பாத்துக்கறேன்."

பிடுங்கியாயிற்று. வழி நெடுகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எனக்கு நாலடி முன்னால் நடந்தார். நான் செய்தது சரிதான்.

கிறிஸ்துமஸ் காலையில் பேண்டு வந்துவிட்டது. இஞ்சி பீர், கேக், உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டு நாக்கு எல்லாம் மேஜையில். எட்கர் வெளிறிப்போய் நின்றார். பேண்டுத் தலைவர் நெவில் சாக்ஸபோனோடு பக்கத்தில் வந்து, "முடியலேன்னா விட்டுரு தம்பி" என்றார். எட்கர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

உதட்டில் அழுத்தி ஊதும்வரை பல்செட்டு நின்றது. மூச்சு வாங்கியதும் 'டக்'கென்று நழுவியது. நாக்கால் தள்ளி ஏற்றிக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்கினார். மறுபடி டக். பாட்டு நொண்டியது. எனக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போது அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நெவிலின் சாக்ஸபோன் நுழைந்தது. அடுத்த இடத்தில் மொத்த பேண்டும் நுழைந்தது. எட்கர் ஒரு வரி, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர்கள் ஒரு சின்னத் துண்டு. அந்த முற்றத்தில் நின்ற எல்லோர் வாயிலும் அதே ஓட்டை. எங்கே நழுவும் என்று அவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பாட்டு முழுசாக முடிந்தது.

எட்கர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஓட்டை தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அடப்பாவி மனுஷா, இதையா இத்தனை நாள் ஒளிச்சு வச்சீங்க!" என்றேன்.

"அம்மா பாத்திருந்தா மறுபடி அழுதிருப்பாங்க" என்றார், காற்று புகுந்த குரலில். பிறகு அவரே அழுதார்.