இடது முன் சக்கரம்

இன்று காலை அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய பழைய காரை அம்பத்தூருக்கு ஓட்டிப்போனேன்.

வருடாவருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அப்பா பேஸ்ட் போட்டு அலாய் வீல்களைத் தேய்ப்பார். மூன்று பளபளக்கும். இடது முன் சக்கரத்தில் மட்டும் கீறல்கள் அப்படியே இருக்கும். அவருக்கு முட்டி வலி, மூன்றுக்கு மேல் முடியவில்லை என்று நினைத்திருந்தேன்.

பாலிஷ் கடைக்காரர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அரை மணி நேரம் தேய்த்தார்.

“பாரு அண்ணாத்தே, புச்சு கணக்கா கீது!”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆவடியில் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

“தொண்ணூத்தெட்டுல உங்கம்மா வண்டி கத்துக்கிட்டப்போ குவார்ட்டர்ஸ் கேட்டுல தினமும் உரசுவாடா. அவ போட்ட கோடு அது.”

திட்டவில்லை. “நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா போய் ஆறு வருடம்.

கீறலை எடுக்க அம்பத்தூரில் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. எடுத்ததைத் திரும்பப் போட்டுத் தருகிறவர் யாரையாவது தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.