கல்லுப்பும் ஒரு ஜோடி ஷூவும்

எங்கள் அர்ஜுனுக்கு ஆட்டிசம். ஷூ மாட்டச் சொன்னாலே அழுவான். அமெரிக்காவில், சான் ரமோனில் எங்கள் வீட்டுக்கே வந்து அவனைப் பழக்கும் தெரபிஸ்ட் கெல்லி, "சின்னதாக எதைச் செய்தாலும் உடனே பாராட்டுங்கள், சாக்லேட் கொடுங்கள்" என்றிருந்தார்.

இன்று ஒரு ஷூவை மாட்டிவிட்டான். எல்லோரும் கைதட்டி, சாக்லேட்டையும் நீட்டினோம்.

"ஐயோ, கண்ணு பட்டுடும்!" என்று கணவர் கல்லுப்பை எடுத்துவந்து அவனுக்குச் சுற்றினார். கெல்லி முன்னால் எனக்கு மானமே போனது.

கெல்லி அர்ஜுனையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"சாக்லேட்டை அவன் தொடவே இல்லை. உப்பு சுற்றும்போதுதான் சிரிக்கிறான். எனக்கும் சொல்லிக்கொடுங்கள்."

உப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு காத்திருந்தார். அர்ஜுன் அடுத்த ஷூவையும் தானே மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். கெல்லி சுற்றி முடித்து, "தூ, தூ" என்றார்.

கெல்லிக்கு இன்று என் கண்ணே பட்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது வந்து அவருக்குச் சுற்றிப் போடுங்களேன்.