சாக்குக் கழிவு

என் பழைய நாட்குறிப்பில் 1983 பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு எதிரே ஒரே வரிதான் இருக்கிறது: ‘இருபத்தைந்தால் வகு, இருபத்தாறால் அல்ல.’ இன்றும் அந்தப் பக்கம் வந்தால் அவசரமாகப் புரட்டிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அப்போது பதினோரு நாள் இருந்தது. அரையாண்டில் கணக்கில் தோற்றிருந்தேன். இதிலும் தோற்றால் படிப்பு போதும், மிளகாய்க் காட்டுக்கு வந்துவிடு என்று அய்யா சொல்லிவிட்டார். என்னைக் கவிழ்த்தது லாப சதவீதம். எதை எதால் வகுப்பது என்று பிடிபடவே இல்லை.

அந்த வியாழக்கிழமை அய்யாவோடு அபிராமத்திலிருந்து மிளகாய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் கமிஷன் கடைக்குப் போனேன். ஒரு மூட்டை இருபத்தேழு கிலோ நின்றது. வெறும் சாக்கு ஒரு கிலோதான். ஆனால் சாக்குக் கழிவு என்று இரண்டு கிலோ பிடிப்பது அந்தக் கடை வழக்கம். இருபத்தாறு கிலோ மிளகாயைக் கொடுத்துவிட்டு இருபத்தைந்துக்குக் காசு வாங்கி வருவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

புத்தகத்துக் கணக்கே எதிரில் நிற்பதாகப் பட்டது. மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு துண்டுத்தாளில், கூடுதலாகப் பிடிக்கும் அந்த ஒரு கிலோவை இருபத்தாறால் வகுத்தேன். தசமம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைக் கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து என்ன கணக்கு என்றார். மூட்டைக்கு உங்களுக்கு எத்தனை சதவீதம் லாபம் என்று பார்க்கிறேன் என்றேன். அய்யாவின் முகம் செத்துப்போனது.

கணக்குப்பிள்ளை கோபப்பட்டிருந்தால் அவரை நான் என்றைக்கோ மறந்திருப்பேன். அவர் வெற்றிலைச் சாற்றைச் சுவரோரம் துப்பிவிட்டு, என் பென்சிலை வாங்கி, தப்பை அடித்தார்.

“ஏலே, நாங்க காசு குடுக்கிறது இருபத்தஞ்சுக்குத்தான? குடுத்த காசுமேலதான் லாபம் பாக்கணும். இருபத்தஞ்சால வகு, சுத்தமா நாலு வரும்.”

வந்தது. சுற்றி நின்ற மற்ற மிளகாய்ச் சம்சாரிகள் சிரித்தார்கள். அவர்களுடைய மூட்டைகளும் அதே தராசுக்குத்தான் காத்திருந்தன. அய்யாவும் சிரித்தார்.

“பெரியவுக சொல்றத எழுதி வச்சுக்கடா.”

தேர்வில், அடக்க விலைக்கே விற்பதாகச் சொல்லி எடையைக் குறைத்துத் தரும் வணிகரின் லாப சதவீதத்தைக் கேட்டிருந்தார்கள். வாங்கிப் போனவனுக்கு என்ன நட்டம் என்று கேட்கவில்லை. சரியாக எழுதினேன். ஐந்து மதிப்பெண். மொத்தம் முப்பத்தேழு வந்தது; முப்பத்தைந்துக்குத் தேர்ச்சி.

முடிவு வந்த மூன்றாம் நாள், கடைசிப் பறிப்பு மூட்டையோடு மிட்டாய்ப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு அய்யா என்னை அதே கடைக்கு அழைத்துப் போனார். கணக்குப்பிள்ளையிடம் என் கையாலேயே கொடுக்கச் சொன்னார். அவர் ஒன்றை வாயில் போட்டு மென்றபடி மூட்டையை ஏற்றச் சொல்லி, எடை பார்த்து, இரண்டு கிலோ கழித்து எழுதினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் நீட்டிய சீட்டை வாங்கி அய்யாவிடம் கொடுத்தேன்.